செய்தியோடை

உலகில் நிகழ்வனவற்றை அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மக்கள் அனைவர்க்கும் இயல்பாக உள்ளது. அவ்வேட்கையைத் தணித்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. செய்தி இருக்கும் இடத்தை நாடி நாம் செல்வது ஒரு வழி. செய்தி நம்மை நாடி வருமாறு செய்துகொள்வது மற்றொரு வழி. நூலகத்திற்குச் சென்று நாளிதழ் படிப்பவர் முதல் வழியை மேற்கொள்கிறார். சந்தா செலுத்தி அதனைத் தம் வீட்டு வாயிலிலேயே பெறுபவர் இரண்டாம் வழியை மேற்கொள்கிறார்.

இணையத்தின் தொடக்க நாள்களில் வலைப்பக்கங்களைப் படிப்போர்க்குப் பெரும்பாலும் முதல் வழியே இருந்தது. ஒருவர் விரும்பிப் படிக்கும் தளங்கள் 50 என்று கொள்வோம். அவற்றுள் எதில் இன்று புதிய கட்டுரை வெளிவந்துள்ளது என்பதை அறிய, அவர் 50 தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தல் வேண்டும். பலவற்றில் நேற்றுக் கண்டதே இன்றும் இருக்கும். காலம் வீணாவதோடு, சில நாள் சோர்ந்திருந்தால் அரிய செய்தியொன்று கண்ணிற்படாமலே போய்விடவும் கூடும். இக்குறையை நீக்க எழுந்த ஏற்பாடே செய்தியோடை என்பது.

செய்தியோடை யாது? மனிதர் கண்டு படிக்கும் பக்கங்களை மட்டுமன்றிக் கணிப்பொறி படிப்பதற்கென ஒரு சிறு கோப்பினையும் ஒரு தளம் வைத்திருக்கலாம். அதில் புதிதாக வெளிவந்தவற்றின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, முகவரி, நாள், சுருக்கம் ஆகியவை உரிய குறிகளுக்கிடையே எழுதப்பட்டிருக்கும். புதிய கட்டுரை ஒன்று தளத்தில் ஏறியவுடன் அதன் விவரம் இப்பட்டியலின் தலையில் சேரும். பழையன கீழிறங்கி, ஓர் எல்லைக்குப் பின் மறையும். நீர் வந்து கொண்டும் போய்க்கொண்டும் இருப்பதனால் இதற்கு ஓடை என்னும் பெயர் பொருத்தமாக அமைந்தது.

இவ்வோடையைப் படிப்பதற்குத் திரட்டி எனப்படும் செயலி ஒன்று வேண்டும். தமிழ் வலைப்பதிவர்களிடையே நன்கு வழங்கிய சொல் இது. 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய 'தமிழ்மணம்' தமிழ்ப் பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தளங்களுள் ஒன்று. நாம் விரும்பும் தளங்களின் ஓடை முகவரிகளைத் திரட்டியிடம் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். அது குறித்த நேரந்தோறும் அவ்வோடைகளைச் சென்று பார்த்து, புதியனவற்றை மட்டும் எடுத்து நம்முன் வைக்கும். வெளிப்படையாக உள்ள ஓடைக்குப் பெயரைப் பதிவு செய்ய வேண்டுவதில்லை. மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டுவதில்லை. வேண்டாம் என்று தோன்றினால், அம்முகவரியைத் திரட்டியினின்று நீக்கிவிடலாம்; யாரிடமும் விடைபெற வேண்டிய கட்டாயமும் இல்லை.

இத்தகைய ஓடைக்கு ஆர்.எஸ்.எஸ். என்னும் வடிவத்தை 1999-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது. அதனை உருவாக்கியவர்கள் ஆர்.வி. குகா, டான் லிப்பி என்னும் இருவர். குகா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்றவர். பல தளங்களின் தலைப்புகளை நெட்ஸ்கேப்பின் ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டுவதே அன்றைய நோக்கம். ஆகவே, அந்த ஓடையில் தலைப்பும் முகவரியும் போன்ற சிறு எழுத்துச் செய்திகளே ஓடின. ஒலிக்கோ ஒளிக்கோ அதில் இடமில்லை.

ஆனால், ஒரு தளம் எழுத்தை மட்டுமா தாங்குகிறது? அதில் படம் உண்டு, பாட்டு உண்டு, உரை உண்டு, திரைக்காட்சி உண்டு. எழுத்துக்கு அமைந்த வாய்க்காலில் இவையனைத்தையும் விடுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு சுவையானது.

2000-ஆம் ஆண்டில் பெரும்பாலோர் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தை அடைந்தனர். அக்கம்பி வழியே நொடிக்கு 56,000 துணுக்குகளுக்கு மேல் வருவதில்லை. ஒரு 4 நிமிடப் பாடலை நொடிக்கு 1,28,000 துணுக்குகள் என்னும் அளவில் பதிவு செய்தால், அது ஏறத்தாழ 38 இலட்சம் பைட்டு ஆகும். கம்பி தன் முழு வேகத்தில் இயங்கினாலும் அப்பாடலை இறக்க 9 நிமிடங்களுக்கு மேல் ஆகும். நான்கு நிமிடம் கேட்க ஒன்பது நிமிடம் காத்திருப்பவர் யார்? ஒலிபரப்பாளரான ஆடம் கரி இதற்கு ஒரு வழி கூறினார். காத்திருத்தலை மனிதன் ஏன் செய்ய வேண்டும்? அவன் உறங்கும்போதோ வேறு பணியில் இருக்கும்போதோ கணிப்பொறியே ஒலிக்கோப்பினை இறக்கி வைத்திருக்கலாமே என்பது அவர் கருத்து.

ஓடைத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டிருந்த டேவ் வைனர் அக்கருத்தை ஏற்று, 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். 0.92 வடிவத்தில் 'என்குளோசர்' என்னும் புதிய கூறு ஒன்றைச் சேர்த்தார். கடிதத்தின் அடியில் 'இணைப்பு' என்று எழுதுகிறோம் அன்றோ? அதனைப் போன்றதே இது. ஆனால், இங்கு இணைக்கப்படும் பொருள் ஓடைக்குள் அடைக்கப்படுவதில்லை. அடைத்தால் சிறு பட்டியல் பெருஞ்சுமையாகிவிடும். அதற்கு மாறாக, அப்பொருளைப் பற்றிய மூன்று விவரங்களே ஓடையில் எழுதப்படும். அஃது இருக்கும் முகவரி ஒன்று. அதன் அளவு எத்தனை பைட்டு என்பது ஒன்று. அஃது எவ்வகைப் பொருள் என்பது ஒன்று. முகவரி, எங்கிருந்து எடுப்பது என்பதைக் கூறும். அளவு, எடுக்கலாமா, எப்போது எடுக்கலாம் என்று எண்ண உதவும். வகை, எடுத்ததை எதனிடம் ஒப்படைப்பது என்பதைத் தெரிவிக்கும்.

மூன்றனுள்ளும் வகையைக் கூறும் குறியே நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது. கணிப்பொறிக்கு எழுத்தும் படமும் பாட்டும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. யாவும் சுழியும் ஒன்றுமாகத் தொடரும் எண் வரிசைகளே. ஒரே எண்ணை எழுத்தாகக் கொண்டால் ஒரு பொருள்; படத்தின் நிறமாகக் கொண்டால் மற்றொரு பொருள். ஆகையால், அனுப்புபவன் 'இஃது இன்னது' என்று சொல்லி அனுப்புதல் வேண்டும். இதற்கான முறை மின்னஞ்சலுக்காக முன்பே வகுக்கப்பட்டிருந்தது. நத்தானியல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் என்னும் இருவர் 1992-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்ட 'மைம்' என்னும் நெறியே அது. அஞ்சலில் வரக்கூடிய பொருள்களை அவர்கள் எழுத்து, படம், ஒலி, ஒளிக்காட்சி, செயலிக்குரியது, செய்தி, பல்பகுதி என 7 பெருவகைகளாகப் பிரித்தனர். பின்னர் வேறு சில வகைகளும் சேர்ந்தன. ஒவ்வொரு பெருவகையின் கீழும் சிறுவகைகள் உண்டு. 'ஆடியோ/எம்பெக்' என்று குறி இருந்தால், அஃது எம்பெக் முறையில் பதிந்த ஒலி. 'இமேஜ்/ஜேபெக்' என்று இருந்தால், அது ஜேபெக் முறையில் அமைந்த படம்.

மருந்துக் கடையில் ஒரே நிறமுடைய நீர்மங்கள் பல குப்பிகளில் இருக்கும். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டைக் கொண்டே மருந்தாளர் எடுத்துக் கொடுக்கிறார். சீட்டு மாறினால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஓடையிலும் அவ்வாறே. ஒலிக்கோப்பின்மேல் எழுத்து என்று குறியிட்டுவிட்டால், அக்குறியை நம்பும் திரட்டி அதனை இசைக்காது. புரியாத எழுத்துக் குவியலாகக் காட்டும். அன்றி, ஒன்றும் காட்டாமலே விட்டுவிடும். உண்மையான குறி இருந்தால், எழுத்தும் ஒலியும் படமும் ஒரே ஓடையில் ஒன்றோடொன்று முட்டாமல் செல்லலாம்.

இச்சிறு கூறு விளைத்த பயன் பெரிது. வைனர் 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓடையில் பாடல் ஒன்றை இணைத்துச் சோதித்துக் காட்டினார். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கில நாளிதழான கார்டியனில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் 'பாட்காஸ்டிங்' என்னும் சொல் தோன்றியது. நாம் இன்று வலையொலி என்று வழங்குவது அதனையே. 2005-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் செயலியில் வலையொலிகளுக்கு இடமளித்தது. இரண்டே நாள்களில் 10 இலட்சம் சந்தாக்கள் சேர்ந்தன என்று அது அறிவித்தது. உலகெங்கும் எத்தனையோ பேர் தம் அறையில் அமர்ந்து பேசியதைப் பிறர் கேட்க வைத்த இப்பெருமாற்றத்தின் அடியில், முகவரி, அளவு, வகை என்னும் மூன்று விவரங்களே இருந்தன.

எழுத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. ஓடையில் உள்ள சுருக்கம் வெறும் எழுத்தா, வலைப்பக்கக் குறிகள் கலந்த எழுத்தா என்பதைத் தெளிவாகக் கூறும் வழி ஆர்.எஸ்.எஸ். வடிவத்தில் அமையவில்லை. வலைப்பக்கம் எழுதும் முறையைக் கற்பிக்கும் பாடம் ஒன்றன் தலைப்பில் கோண அடைப்புக்குள் ஒரு குறி வருவதாகக் கொள்வோம். அதனைப் படிப்பவர்க்குக் காட்டுவதா, கட்டளையாகக் கொண்டு அதன்படி நடப்பதா? ஒரு திரட்டி காட்டும். மற்றொரு திரட்டி அதனை விழுங்கிவிடும். 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் இணையப் பொறியியற் குழு வெளியிட்ட 'ஆட்டம்' என்னும் மற்றொரு வடிவம் இந்த ஐயத்தைப் போக்கியது. அவ்வடிவத்தில், தலைப்போ சுருக்கமோ எதுவாயினும், வெறும் எழுத்தா குறி கலந்த எழுத்தா என்பதை உடன் குறிப்பிடலாம். குறிப்பிடாவிடின் வெறும் எழுத்தென்றே கொள்ளவேண்டும் என்பது விதி.

பலவகைப் பொருள்களை ஓடையில் விடுவது இயலும் என்பது இதனால் விளங்கும். அவை அனைத்தையும் ஒரே ஓடையில் விடுவது தகுமா என்பதே அடுத்த வினா. இதற்கு விடை பொறியில் இல்லை. தளத்தை நடத்துவோரின் பொறுப்புணர்ச்சியில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

ஒரு பள்ளி தனக்கென ஓர் இணையத்தளம் நடத்துவதாகக் கொள்வோம். அதில் மாணவர் கட்டுரைகள், விழாப் படங்கள், சொற்பொழிவுகளின் ஒலிப்பதிவுகள், பள்ளி அறிவிப்புகள் என நால்வகைப் பொருள்கள் வருகின்றன. யாவும் ஒரே ஓடையில் செல்கின்றன. அவ்வோடை அண்மையில் வந்த 10 பொருள்களை மட்டும் தாங்குவது. ஒருநாள் காலை 9 மணிக்கு, தேர்வு நாள் மாற்றப்பட்டது என்னும் அறிவிப்பு தளத்தில் ஏறுகிறது. 10 மணிக்கு, விளையாட்டு விழாப் படங்கள் 60 ஏற்றப்படுகின்றன. ஒவ்வொரு படமும் ஓடையில் ஒரு தனிப்பொருளாகச் சேர்கிறது. நண்பகலில் ஒரு பெற்றோரின் திரட்டி வந்து பார்க்கிறது. அப்போது ஓடையில் இருப்பவை கடைசிப் படங்கள் 10 மட்டுமே. அறிவிப்பு எப்போதோ அடித்துச் செல்லப்பட்டுவிட்டது. பள்ளி செய்தியை வெளியிட்டது உண்மை. அவர் சந்தா பெற்றிருந்ததும் உண்மை. ஆயினும், செய்தி அவரை அடையவில்லை. அவருடைய பிள்ளை தேர்வை இழக்க நேர்ந்தால், அதற்குக் காரணம் ஓடையின் கோளாறு அன்று. அதில் எதனை எவ்வாறு விடுவது என்று எண்ணாமையே ஆகும்.

இதற்கு மாறான தவறும் உண்டு. வேர்ட்பிரஸ் என்னும் பெயர்பெற்ற தள அமைப்பினை எடுத்துக்கொள்வோம். அதன் முதன்மை ஓடையில் இயல்பாகப் பதிவுகள் மட்டுமே செல்லும். எண்ணிக்கை வரம்பும் இயல்பாக 10 ஆகும். 'பக்கம்' என்னும் வகையில் எழுதியவை ஓடையில் சேர்வதில்லை. தளத்தார் தாமாக ஒரு புதுவகையை, 'ஒலிப்பதிவு' என்பது போல, ஏற்படுத்திக்கொண்டாலும், சேர்க்கும்படி பணித்தாலன்றி அதுவும் முதன்மை ஓடையில் இடம்பெறாது. இதனை அறியாதவர் திங்கள் பல அரிய ஒலிப்பதிவுகளை ஏற்றிக்கொண்டே இருப்பார். சந்தா பெற்றவர்களோ அத்தளம் உறங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பர். அளவின்றி விடுவதால் செய்தி மூழ்குகிறது. விடாமையால் செய்தி தேங்குகிறது. இரண்டிலும் இழப்பவர் படிப்பவரே.

இவ்விரு தவறுகளுக்கும் நடுவே நல்வழி ஒன்று உண்டு. எல்லாம் அடங்கிய பொது ஓடை ஒன்றும், ஒவ்வொரு வகைக்கும் உரிய கிளை ஓடைகளும் வைப்பதே அது. அறிவிப்பு மட்டும் வேண்டுவோர் அறிவிப்போடையைப் பெறுவர். ஒலிப்பதிவு மட்டும் வேண்டுவோர் அதனைப் பெறுவர். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை நிலநடுக்கச் செய்திகளை இம்முறையில்தான் தருகிறது. குறிப்பிடத்தக்கவை, 4.5 அளவும் அதற்கு மேலும், 2.5 அளவும் அதற்கு மேலும், 1.0 அளவும் அதற்கு மேலும், அனைத்தும் என ஐவகை. ஒவ்வொன்றிலும் கடந்த ஒரு மணி, ஒரு நாள், 7 நாள், 30 நாள் என நால்வகை. ஆக 20 ஓடைகள். ஆராய்ச்சியாளர் சிறு அதிர்வையும் விடாமல் அறியலாம். பிறர் பெரிய நடுக்கங்களை மட்டும் அறியலாம்.

கிளை பிரிப்பதோடு வேறு சில கடமைகளும் உள்ளன. ஒரே விழாவின் 60 படங்களையும் ஒரு தொகுப்பாக்கி, ஓடையில் ஒரே பொருளாக விடவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத அடையாளம் ஒன்று கொடுத்தல் வேண்டும். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தும்போது அடையாளமும் மாறிவிடின், படித்ததே புதியது போல மீண்டும் வந்து நிற்கும். இணைக்கும் கோப்பின் அளவை உள்ளவாறு குறித்தல் வேண்டும். அளந்து பணம் கொடுத்து இணையத்தைப் பயன்படுத்துவோர்க்கு அஃது இன்றியமையாதது. படத்திற்கு எழுத்தில் ஒரு விளக்கமும், ஒலிக்கு எழுத்தில் ஒரு சுருக்கமும் சேர்த்தல் வேண்டும். கண் காணாதவர் படத்தின் விளக்கத்தைக் கணிப்பொறி வாய்விட்டுப் படிக்கக் கேட்பர். செவி கேளாதவர் உரையின் சுருக்கத்தைக் கண்ணால் படிப்பர். பலவகைப் பொருளைத் தருவோர், பலவகை மக்களையும் நினைத்தல் வேண்டும்.

இனி, இவ்வேற்பாடு எவர்க்கு உடைமை என்பதையும் அறிதல் நன்று. ஆர்.எஸ்.எஸ். 2.0 என்னும் வடிவத்தின் உரிமை 2003-ஆம் ஆண்டு ஜூலையில் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டப்பள்ளியைச் சார்ந்த பெர்க்மன் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எவரும் தடையின்றிப் பயன்படுத்துமாறு அது பொதுவுரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. இத்துறையில் உழைத்தவர்கள் பெருநிறுவனத்தார் மட்டும் அல்லர். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். 1.0 என்னும் வடிவத்தை வகுத்த குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் என்னும் மாணவரும் இருந்தார்; அப்போது அவருக்கு வயது 14. வயதைக் கேட்டுக் கருத்தை எடைபோடாத பொதுப்பணி அது.

எவர்க்கும் தனியுடைமை ஆகாமையால் விளைந்த நன்மை 2013-ஆம் ஆண்டில் புலப்பட்டது. கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவந்த 'கூகுள் ரீடர்' என்னும் திரட்டியை அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் மூடியது. பலர் வருந்தினர். ஆனால், அத்திரட்டி மூடியதனால் ஓடைகள் வற்றிவிடவில்லை. ஓடைகள் அந்தந்தத் தளத்திலேயே இருந்தன. படிப்போர் தாம் சேர்த்துவைத்திருந்த முகவரிப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு திரட்டிகளுக்குச் சென்றனர். குடம் உடைந்தால் வேறு குடம் கொண்டு மொள்ளலாம். ஆறு ஒருவரின் உடைமையாகிவிட்டால் அவர் விட்ட நீரே நீர்.

இன்று பலர் சமூக வலைத்தளங்களின் வாயிலாகவே செய்திகளை அறிகின்றனர். அங்கு எதனை முன்னே காட்டுவது, எதனைப் பின்னே தள்ளுவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் கணக்குமுறையே முடிவு செய்கிறது. நாம் தேடிச் சேர்த்துக்கொண்டவரின் செய்தியும் நம் கண்ணிற்படாமல் போகலாம். செய்தியோடையில் எவரிடமிருந்து பெறுவது என்பதைப் படிப்பவரே தேர்ந்துகொள்கிறார். அவர் கேட்காத ஒன்றை இடையில் நுழைப்பதற்கு மூன்றாமவர் ஒருவர் தேவையில்லை. இவ்வுரிமை எளிதாகக் கிடைத்தது. ஆதலின் அதன் அருமை பலர்க்குத் தெரிவதில்லை.

மாணவர்களே! நீங்களும் நாளை ஒரு தளத்தையோ இதழையோ நடத்தும் பொறுப்பை ஏற்கக்கூடும். அப்போது கட்டுரையும் பாட்டும் படமும் அறிவிப்பும் உங்கள் கையில் வந்து குவியும். அவற்றைத் தருவதற்குமுன் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இஃது இன்னது என்று உண்மையாகக் குறித்திருக்கிறேனா? இதனை வேண்டுபவர் இதனை மட்டும் பெறுவதற்கு வழி செய்திருக்கிறேனா? இதனைப் பெற இயலாதவர் எவரேனும் உளரா? இம்மூன்றிற்கும் தக்க விடை கண்டபின் வெளியிடும் செய்தி, சேர வேண்டியவரைச் சென்று சேரும்.